கவலையும் அச்சமும்: தமிழ் விவிலியச் சொல்லாட்சி வழி நம்பிக்கையின் பொருள்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ நம்பிக்கை அச்சத்தையும் கவலையையும் எவ்வாறு எதிர்கொள்கிறது என்னும் வினாவைத் தமிழ் விவிலியத்தின் சொல்லாட்சி வழியாக இக்கட்டுரை அணுகுகிறது. 1871இல் வெளிவந்த பவர் திருப்புதலும் 1995இல் வெளிவந்த திருவிவிலியமும் முதன்மை ஆதாரங்களாகக் கொள்ளப்படுகின்றன. அச்சம், பயம், கவலை, கலக்கம், விசாரித்தல் ஆகிய சொற்கள் தமிழ் இலக்கிய மரபில் பெற்றிருந்த பொருள்களோடும், கிரேக்க, எபிரேய மூலச்சொற்களோடும் ஒப்பிடப்படுகின்றன. நம்பிக்கை என்பது அச்சமற்ற மனநிலை அன்று. அச்சத்தின் நடுவில் எழும் உறவே அது என்பதும், 'அஞ்சாதே' என்னும் விவிலியக் கூற்று கட்டளையைவிடத் தேற்றமொழியாகவே அமைந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: விவிலியத் தமிழ், மெய்ப்பாடு, அச்சம், கவலை, விசாரித்தல், தேற்றமொழி, இரட்சணிய யாத்திரிகம்.

1. முன்னுரை

அஞ்ச வேண்டாம் என்பது விவிலியத்தில் மீண்டும் மீண்டும் ஒலிக்கும் கூற்று. ஆபிரகாம் தொடங்கிப் பத்மு தீவின் யோவான் வரை, இறைவனின் முன்னிலையை உணர்ந்தோர் பலருக்கு முதலில் வந்துசேரும் மொழி இதுவே. மறையுரைகளிலும் பக்தி நூல்களிலும் இக்கூற்று இருவகையாகப் பொருள் கொள்ளப்படுகிறது. அஞ்சுவோனுக்கு அருளப்படும் ஆறுதலாக அதனைக் கொள்வது ஒருவகை. அஞ்சுதல் நம்பிக்கைக் குறைவின் அடையாளம் எனக் கொண்டு, அச்சத்தைக் கைவிடுமாறு விதிக்கும் கட்டளையாக அதனைக் கொள்வது மற்றொரு வகை.

இவ்விரண்டினுள் எதனை ஏற்பது என்பது வெறும் உரைச்சிக்கல் அன்று. இரண்டாம் வகைப் பொருளை ஏற்றுக்கொண்ட ஒருவன், நோயாலோ இழப்பாலோ வறுமையாலோ அச்சம் கொள்ளும்போது, அந்த அச்சத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்க நேர்கிறது. அஞ்சியதற்காக அஞ்சும் நிலை அது. ஆறுதலுக்காக எழுந்த மொழி சுமையாக மாறும் இந்நிலை மூலநூலின் கருத்தா, பொருள்கோளின் விளைவா என்பது ஆராயத்தக்கது.

தமிழில் இவ்வாராய்ச்சிக்குத் தனிப்பட்ட வாய்ப்பு உண்டு. புதிய ஏற்பாடு 1714–15இல் தரங்கம்பாடியில் அச்சேறியது முதல் பல மொழிபெயர்ப்புகள் தமிழில் எழுந்துள்ளன. ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் அச்சத்தையும் கவலையையும் குறிக்க, ஏற்கெனவே நெடிய இலக்கிய வரலாறு உடைய சொற்களையே எடுத்தாள வேண்டியிருந்தது. அச்சொற்கள் தம் பழம்பொருளோடு விவிலியத்திற்குள் நுழைந்தன. அங்கே சில இடங்களில் அப்பழம்பொருள் மூலத்தின் கருத்தைத் துலக்கியது. சில இடங்களில் மூலத்தின் கருத்து அச்சொற்களுக்குப் புதிய எல்லை வகுத்தது.

2. அச்சத்தின் நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தைக் கூறி, அது தோன்றும் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுக்கிறது. இவ்வகைப்பாட்டில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, அச்சம் எப்போதும் ஒரு பொருளை நோக்கியது என்பது. எதற்கு அஞ்சுகிறோம் என்று சுட்டிக் கூறத்தக்க ஒன்று அச்சத்திற்கு உண்டு. இரண்டாவது, முதல் மூன்றும் தீங்கு செய்யும் ஆற்றல் பற்றி அஞ்சப்படுவன. நான்காவதாகிய இறை, தன்மேல் தலைமை உடைமை பற்றி அஞ்சப்படுவது. ஆகவே அச்சம் என்னும் ஒரே மெய்ப்பாட்டினுள் தீங்கினின்று விலகும் அச்சமும் தலைமைக்கு அடங்கும் அச்சமும் ஒருங்கே இடம்பெறுகின்றன.

விவிலியமும் அச்சத்தை இவ்வாறே ஒரு சொல்லுக்குள் வைத்துப் பேசுகிறது. எபிரேயத்தில் 'யிரா' என்னும் சொற்குடும்பம் பகைவனைக் கண்டு நடுங்குவதையும் குறிக்கும். இறைவனுக்கு அஞ்சி ஒழுகுவதையும் குறிக்கும். சீனாய் மலையடிவாரத்தில் இடிமுழக்கம் கேட்டு நடுங்கிய மக்களிடம் மோசே பேசும் பகுதி (விடுதலைப் பயணம் 20:20) இதற்குச் சிறந்த சான்று. அங்கே ஒரே வசனத்திற்குள் அஞ்ச வேண்டாம் என்பதும், இறையச்சம் அவர்கள் முன் நிற்கவேண்டும் என்பதும் அடுத்தடுத்து வருகின்றன. பவர் திருப்புதல் இரண்டிடத்தும் 'பயம்' என்னும் சொல்லையே ஆள்வதால் முரண் போன்ற அத்தோற்றம் தமிழிலும் மறையாமல் நிற்கிறது.

இம்முரண் தோற்றமே. இங்கு நிகழ்வது அச்சத்தின் ஒழிப்பு அன்று. அச்சத்தின் வரிசை மாற்றம். தொல்காப்பியத்தின் சொற்களில் கூறுவதாயின், அணங்கும் விலங்கும் கள்வரும் வகித்த இடம் சுருங்கி, இறை என்னும் நான்காவது நிலைக்களன் முதன்மை பெறுகிறது. மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் மனிதருக்கு அஞ்சாமையும் இறைவனுக்கு அஞ்சுதலும் ஒருசேரக் கூறப்பட்டு, உடனே அடைக்கலான் குருவிகளின் உவமையால் அஞ்ச வேண்டாம் என்னும் ஆறுதல் தொடர்வதும் (10:28–31) இவ்வொழுங்கையே காட்டுகிறது. அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சுவதை அறிவுடைமை அதிகாரத்தில் வைத்துப் போற்றும் வள்ளுவர் (குறள் 428) வழிவந்த தமிழ் வாசகருக்கு இவ்வரிசைமுறை அயலானது அன்று.

எனினும் விவிலியம் இவ்விடத்தில் நின்றுவிடவில்லை. தலைமை பற்றிய அச்சமும் அங்கே உருமாற்றம் பெறுகிறது. உரோமையர் திருமுகம் 8:15இல், அடிமைக்குரிய அச்சத்திற்கு எதிராக மகன்மை வைக்கப்படுகிறது. பவர் திருப்புதல் இதனைப் 'புத்திர சுவிகாரம்' என்னும் சட்டவழக்குச் சொல்லால் குறிக்கிறது. அவ்விடத்தில் அரமேயச் சொல்லாகிய 'அப்பா' மூலத்திலேயே மொழிபெயர்க்கப்படாமல் நிற்கிறது. தமிழில் அச்சொல் ஒலியாலும் பொருளாலும் தந்தையை அழைக்கும் வீட்டுச்சொல்லோடு ஒன்றிவிடுகிறது. பிறமொழிகளில் அயற்சொல்லாக நிற்பது தமிழில் குழந்தையின் வாய்ச்சொல்லாகிறது. இது தற்செயல் ஒற்றுமையே ஆயினும், தலைவனுக்கு அஞ்சும் அடிமையின் நிலைக்கும் தந்தையை அழைக்கும் பிள்ளையின் நிலைக்கும் உள்ள தொலைவைத் தமிழ் வாசகர் விளக்கமின்றியே உணர இது இடமளிக்கிறது.

யோவானின் முதல் திருமுகம் 4:18 இக்கருத்தின் முடிநிலை. நிறைவான அன்பு அச்சத்தை வெளியேற்றும் என்று கூறும் அவ்வசனம் அதற்குக் காரணமும் காட்டுகிறது. அக்காரணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கொலாசிஸ்' என்பது. பவர் திருப்புதல் அதனை 'வேதனை' என்கிறது. திருவிவிலியம் தண்டனை என்னும் பொருளில் பெயர்க்கிறது. வேதனை என்னும் சொல் அஞ்சுவோனின் துன்பத்தைக் காட்டுகிறது. தண்டனை என்னும் சொல் அவன் எதற்கு அஞ்சுகிறான் என்பதைக் காட்டுகிறது. பின்னதைக் கொண்டால், இங்கே வெளியேற்றப்படும் அச்சம் தீர்ப்புப் பற்றிய அச்சமே என்பது தெளிவாகும். முந்தைய வசனம் தீர்ப்பு நாளைச் சுட்டுவதும் இதற்கு அரணாகிறது. அச்சம் கொண்டவரெல்லாம் அன்பற்றவர் என்னும் பொதுக் கூற்றாக இவ்வசனத்தை விரிப்பது அதன் இடஞ்சுட்டலைப் புறக்கணிப்பதாகும்.

3. 'அஞ்சாதே': கட்டளையும் தேற்றமும்

இலக்கண வடிவால் 'அஞ்சாதே', 'பயப்படாதே' என்பன எதிர்மறை ஏவல் வினைகள். ஆயின் ஏவல் வடிவம் எல்லாவிடத்தும் கட்டளைப் பொருளில் வருவதில்லை. அழும் குழந்தையை நோக்கி 'அழாதே' எனும் தாய், அழுகையைத் தடைசெய்யும் ஆணையை இடுவதில்லை. தான் வந்துவிட்டதை அறிவிக்கிறாள். அவள் எடுத்து அணைத்தலோடு சேர்ந்தே அச்சொல் பொருள் தருகிறது. வடிவம் ஏவல், பயன் தேற்றம்.

தமிழ் மரபில் 'அஞ்சேல்' என்பது இத்தகைய தேற்றமொழியாகவே நிலைபெற்றுள்ளது. அடைக்கலம் புகுந்தோருக்கு அரசன் கூறும் மொழியாகவும், அடியவருக்கு இறைவன் அருளும் மொழியாகவும் அது இலக்கியங்களில் பயில்கிறது. கோயிற் படிமங்களின் அபயக் கை அம்மொழியின் கட்புல வடிவம். அம்மொழியின் ஆற்றல் கேட்பவனின் மனவலிமையில் இல்லை. கூறுபவனின் காக்கும் வலிமையில் உள்ளது. தொல்காப்பியம் பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாகக் கூறும் தறுகண்மையிலிருந்து இது வேறுபடுகிறது. தறுகண்மை வீரனின் சொந்தப் பண்பு. அஞ்சேல் என்னும் மொழியால் பிறக்கும் துணிவு மற்றொருவரின் உடனிருப்பால் வருவது.

விவிலியத்தின் கூற்று இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. எசாயா நூலின் 41, 43 ஆகிய அதிகாரங்களில் இக்கூற்று செறிந்து வருகிறது. செருமானிய அறிஞர் யோகாக்கிம் பெக்ரிக் 1934இல் இப்பகுதிகளை ஆராய்ந்து, கோயிலில் முறையிட்டு வந்தவனுக்குக் குரு இறைவன் பெயரால் வழங்கிய மீட்பு வாக்கின் வடிவம் இவற்றின் அடியில் உள்ளது எனக் கருதினார். அவ்வழிபாட்டுச் சூழல் பற்றிப் பின்வந்தோர் மாறுபட்டாலும், இவ்வாக்கின் அமைப்புத் தெளிவானது. அஞ்ச வேண்டாம் என்னும் கூற்றைத் தொடர்ந்து இறைவன் உடனிருக்கும் உறுதி காரணமாகக் கூறப்படுகிறது. காரணத்தை விலக்கிக் கூற்றை மட்டும் எடுத்தால் அது கட்டளை போல் ஒலிக்கும். காரணத்தோடு கேட்டால் அது மறுமொழி. முன்னரே எழுந்த ஒரு முறையீட்டுக்கு வந்த மறுமொழி.

எசாயா 41:10இல் எபிரேயம் 'ஏனெனில்' என்னும் பொருள்தரும் இடைச்சொல்லால் காரணத்தை இணைக்கிறது. இரு தமிழ் மொழிபெயர்ப்புகளும் அவ்விடைச்சொல்லை விடுத்து, அஞ்சாமையையும் உடனிருப்பையும் அருகருகே வைக்கின்றன. இதனால் உரைவிளக்கத் தன்மை குறைந்து பேச்சுமொழியின் நேர்மை கூடுகிறது. பவர் திருப்புதலில் பயப்படாமையோடு 'திகையாதே' என்பதும் இணைகிறது. திகைத்தல் திசையறியாது நிற்றல். உதவி எத்திசையிலிருந்து வரும் என்று சுற்றுமுற்றும் பார்ப்பவனின் நிலையை அச்சொல் நன்கு உணர்த்துகிறது.

திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் 1:7 இங்கு நோக்கத்தக்கது. பொதுவாக அச்சத்தைக் கண்டிக்கும் வசனமாக இது எடுத்தாளப்படுகிறது. மூலத்தில் அங்கே வழங்குவது அச்சத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிய 'ஃபோபோஸ்' அன்று. 'தெய்லியா' என்னும் சொல். கடமையினின்று பின்வாங்கும் கோழைமையை அது குறிக்கும். பவர் திருப்புதல் பயம் என்றே பெயர்த்தது. திருவிவிலியம் 'கோழை' என்னும் சொல்லால் வேறுபாட்டைக் காட்டியுள்ளது. அஞ்சுதல் வேறு, அஞ்சிப் பணியைக் கைவிடுதல் வேறு என்பது இச்சொல்தேர்வால் விளங்குகிறது.

4. கவலை: பிளவுண்ட மனம்

அச்சத்திற்குச் சுட்டிக் காட்டத்தக்க பொருள் உண்டு. கவலையோ வராத நாளையும் நிகழாத தீங்கையும் பற்றியது. அச்சத்திற்கும் பொருளற்ற மனநடுக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை டென்மார்க்கு மெய்யியலாளர் கீர்க்ககார் 1844இலும், இறையியலாளர் பவுல் டில்லிக் 1952இல் வெளிவந்த நூலிலும் விரிவாகப் பேசினர். புதிய ஏற்பாடு தன் சொல்வழக்கிலேயே இதற்கு இணையானதொரு வேறுபாட்டைப் பேணுகிறது. அச்சத்திற்கு 'ஃபோபோஸ்', கவலைக்கு 'மெரிம்னா' என அது தனித்தனிச் சொற்களை ஆள்கிறது.

மெரிம்னா என்னும் சொல்லைப் பகுத்தல் எனப் பொருள்படும் 'மெரிட்ஸோ' என்னும் வினையோடு தொடர்புபடுத்துவது பழைய வழக்கம். அச்சொற்பிறப்பு மொழியியலார் அனைவரும் ஒப்பியது அன்று. ஆயினும் பவுலடியார் இவ்விரு சொற்களையும் ஓரிடத்தில் இணைக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 7:33–34இல், உலகக் காரியங்களைப் பற்றிக் கவலை கொள்பவன் பிளவுபட்டிருக்கிறான் என்னும் கருத்து வருகிறது. திருத்திய மூலபாடத்தைப் பின்பற்றும் மொழிபெயர்ப்புகளில் இத்தொடர்பு வெளிப்படை. பவர் திருப்புதல் பயன்படுத்திய மூலபாடத்தில் சொற்பிரிப்பு வேறாக இருந்தமையால், அதே வினை அங்கே 'வித்தியாசம்' என்னும் பொருளில் அடுத்த தொடரோடு சேர்ந்துவிட்டது.

பவர் திருப்புதலில் விடுபட்ட அந்நுட்பத்தைத் தமிழ்ச் சொல் ஒன்று வேறுவழியில் ஈடுசெய்கிறது. சங்க இலக்கியத்தில் கவலை என்பது கவர்த்த வழியையும் வழிகள் கூடும் சந்தியையும் குறிக்கும். முல்லைப்பாட்டில் பாசறையின் 'கவலை முற்றம்' காவல் யானை நிற்கும் சந்தியாகும். மனத்துயரைக் குறிக்கும் கவலையும் வழிப்பிரிவைக் குறிக்கும் கவலையும் ஒரே வேரின என இங்கு வாதிடவேண்டிய தேவை இல்லை. ஒரே வடிவுடைய இரு சொற்களாகக் கொண்டாலும், அவை அருகருகே வைத்து எண்ணத்தக்கவை. எவ்வழி செல்வது எனத் தெளியாது சந்தியில் நிற்பவனின் நிலையும், பல நினைவுகளால் ஈர்க்கப்பட்டு நிற்கும் மனமும் ஒத்த தன்மையன.

மலைப்பொழிவின் புகழ்பெற்ற பகுதி (மத்தேயு 6:25–34) இப்பின்னணியில் புதுத்தெளிவு பெறுகிறது. இப்பத்து வசனங்களில் கவலை கொள்ளுதலைக் குறிக்கும் கிரேக்க வினை ஆறுமுறை வருகிறது. உணவு, உடை, வாழ்நாள், நாளை என அதன் பொருள்கள் விரிகின்றன. ஆயின் பகுதியின் தொடக்கமே காரணச்சொல்லோடு அமைகிறது. பவர் திருப்புதல் 'ஆகையால்' என்று தொடங்குவது முந்தைய வசனத்தை நோக்கியே. அவ்வசனம் (6:24) இரு தலைவருக்கு ஊழியம் செய்ய இயலாமையைக் கூறுவது. ஆகவே கவலையின் வேர் உணவின்மையும் உடையின்மையும் மட்டும் அன்று. இரு தலைமைகளுக்கு இடையே பிளவுண்ட மனமும் அதன் வேராகும். பகுதியின் முடிவில் எல்லாவற்றிற்கும் முன்னதாக ஒன்றை நாடுமாறு கூறப்படுவதும் (6:33) இதனோடு பொருந்துகிறது. சந்தியில் நின்றவனுக்கு வழி ஒன்று காட்டப்படுகிறது. பறவைகளும் காட்டுமலர்களும் இடையில் எடுத்துக்காட்டாக வருவது உழைப்பை மறுக்க அன்று. அவற்றைப் பேணுபவர் ஒருவரே என்று காட்டுவதற்கே.

நாளைக்கான கவலையை விலக்கும் இறுதி வசனம், ஒவ்வொரு நாளுக்கும் அதற்குரிய துன்பம் உண்டு என்பதை மறைக்கவில்லை. துன்பமற்ற வாழ்வை அது உறுதியளிக்கவும் இல்லை. நாளையின் துன்பத்தை இன்றே சுமக்க வேண்டாம் என்பதே அதன் அளவு.

5. சுமை மாற்றமும் விசாரித்தலும்

கவலைக்கு விவிலியம் காட்டும் தீர்வு அதனை அடக்குதல் அன்று, இடம்மாற்றுதல். சங்கீதம் 55:22இல் பவர் திருப்புதல் 'பாரம்' என்னும் சொல்லை ஆள்கிறது. எபிரேய மூலத்தில் அங்குள்ள சொல் விவிலியத்தில் வேறெங்கும் வராதது. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவாசிந்து அதனை மெரிம்னா என்று பெயர்த்தது. பேதுருவின் முதல் திருமுகம் 5:7 அக்கிரேக்க வடிவையே எதிரொலிக்கிறது. இதனால் பழைய ஏற்பாட்டில் பாரமாக இருந்தது புதிய ஏற்பாட்டில் கவலையாகிறது. பவர் திருப்புதல் இரண்டிடத்தும் வைத்துவிடுதல் என்னும் ஒரே வினையை ஆண்டு இத்தொடர்பைக் காத்துள்ளது. சுமையாள் சுமைதாங்கியின் மேல் சுமையை இறக்கி வைப்பது தமிழ்நாட்டுச் சாலைகளின் பழங்காட்சி. வைத்தல் என்னும் வினை அக்காட்சியை நினைவூட்டுகிறது. 'விடு' என்னும் துணைவினை, இறக்கியதை மீண்டும் எடுக்காமல் விடுதலைக் குறிக்கிறது.

இவ்வசனத்தின் பிற்பகுதியில் தமிழ் மொழிபெயர்ப்புகள் இரண்டும் வேறுபட்ட வழிகளில் செல்கின்றன. மூலத்தில் மனிதரின் கவலைக்கு ஒரு சொல்லும், இறைவனின் அக்கறைக்கு வேறொரு வினையும் உள்ளன. பவர் திருப்புதல் பின்னதனை 'விசாரித்தல்' என்கிறது. விசாரம் தமிழில் ஆராய்ச்சியையும் குறிக்கும், மனத்துயரையும் குறிக்கும். விசாரித்தல் நலம் கேட்டறிதலும் பேணுதலும் ஆகும். துயரின் பெயரும் பேணுதலின் பெயரும் ஒரே அடிச்சொல்லில் பிறக்கும் இவ்வழக்கு அவ்வசனத்தின் கருத்துக்கு நுட்பமான துணையாகிறது. திருவிவிலியமோ இரண்டிடத்தும் கவலை என்னும் சொல்லையே ஆள்கிறது. மனிதர் விட்டுவிடும் கவலையை இறைவன் தம் கவலையாக ஏற்கிறார் என்னும் பொருள் அதனால் வலுப்பெறுகிறது. முன்னது மூலத்தின் சொல்வேறுபாட்டைக் காக்கிறது. பின்னது சுமை கைமாறுவதைக் காட்டுகிறது.

மனக்கவலையை மாற்றுதல் இறைவன் தாளடைந்தார்க்கன்றி அரிது என்னும் கருத்தைக் கடவுள் வாழ்த்து அதிகாரத்திலேயே (குறள் 7) கண்ட தமிழ் மரபுக்கு, கவலையையும் சரணடைதலையும் இணைத்துப் பார்த்தல் பழகிய ஒன்று. குறளில் இணைப்பு மனிதர் தாள் சேர்தலில் நிற்கிறது. பேதுருவின் திருமுகத்தில் அது இறைவன் விசாரித்தலில் நிற்கிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாமல் ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது.

எல்லாக் கவலையும் விலக்கத்தக்கதன்று என்பதும் கருதத்தக்கது. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம் 4:6இல் விலக்கப்படும் அதே கிரேக்க வினை, அத்திருமுகத்தின் 2:20இல் திமொத்தேயுவின் நற்பண்பாகப் போற்றப்படுகிறது. பவர் திருப்புதல் முதலதனைக் கவலைப்படுதல் என்றும் இரண்டாவதனை விசாரித்தல் என்றும் பெயர்த்து, தமிழ் வாசகர் முரண்படாமல் காத்தது. பவுலடியார் தம்மை நாள்தோறும் நெருக்கும் சுமைகளுள் சபைகளைப் பற்றிய கவலையையும் எண்ணுகிறார் (2 கொரிந்தியர் 11:28). அதற்காக அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. உடலின் உறுப்புகள் பற்றிய உவமையில் (1 கொரிந்தியர் 12:25) பிரிவினைக்கு மாற்றாக ஒன்றையொன்று குறித்த கவலையே கூறப்படுகிறது. தன்னைப் பற்றிய கவலை மனத்தைப் பிளக்கிறது. பிறரைப் பற்றிய கவலை சமூகத்தை இணைக்கிறது. பிளவு, இணைவு என்னும் எதிர்நிலைகள் இரண்டிலும் ஒரே சொல் நிற்பது இச்சொல்லாட்சியின் ஆழத்தைக் காட்டுகிறது. அஞ்சுவோனின் சுமை இறைவன்மேல் வைக்கப்படுவதோடு, உடன்வாழ்வோரின் விசாரிப்பிலும் பங்கிடப்படுகிறது.

6. கலங்கியவர் கூறிய தேற்றம்

நம்பிக்கையையும் அச்சமின்மையையும் ஒன்றெனக் கொள்வதற்கு மிகப் பெரிய தடை நற்செய்தி நூல்களே. யோவான் 14:1இல் இயேசு சீடரிடம் உள்ளம் கலங்க வேண்டாம் எனக் கூறுகிறார். அங்கே ஆளப்படும் கிரேக்க வினை 'தராஸ்ஸோ'. அதே வினை அந்நூலின் 11:33, 12:27, 13:21 ஆகிய இடங்களில் இயேசுவின் சொந்த நிலையைக் குறிக்க ஆளப்பட்டுள்ளது. 12:27, 13:21, 14:1 ஆகிய மூன்று இடங்களிலும் பவர் திருப்புதல் கலங்குதல் என்னும் ஒரே சொல்லை வைத்துள்ளது. கலங்காதிருக்குமாறு தேற்றியவர், சற்று முன்னரே கலங்கியவர். கலக்கமறியாத உயரத்திலிருந்து வந்த கட்டளையாக அத்தேற்றத்தைக் கொள்ள நூலின் அமைப்பு இடந்தரவில்லை.

மாற்கு 14:33 இதனினும் கடுமையானது. கெத்சமனி தோட்டத்தில் இயேசுவின் நிலையைப் பவர் திருப்புதல் திகில், வியாகுலம் என்னும் சொற்களாலும், திருவிவிலியம் திகில், மனக்கலக்கம் என்னும் சொற்களாலும் குறிக்கின்றன. இரு மொழிபெயர்ப்புகளும் திகிலைத் தவிர்க்கவில்லை, மென்மைப்படுத்தவும் இல்லை. அத்திகிலின் நடுவிலேயே 'அப்பா' என்னும் விளி எழுகிறது (14:36). உரோமையர் திருமுகம் அடிமையின் அச்சத்திற்கு எதிராக வைத்த அதே சொல் இது. ஆகவே 'அப்பா' என்பது அச்சம் நீங்கியபின் கூறப்படும் சொல் அன்று. அச்சத்துள் நின்று அழைக்கும் சொல்.

7. நெஞ்சொடு கிளத்தல்

சங்கீதங்கள் இந்நிலைக்குச் செய்யுள் வடிவம் தருகின்றன. சங்கீதம் 56:3 அஞ்சும் நாளையும் நம்பும் செயலையும் ஒரே தொடரில் வைக்கிறது. அச்சம் கடந்த காலமாகவும் நம்பிக்கை நிகழ்காலமாகவும் அங்கே பிரிக்கப்படவில்லை. சங்கீதம் 23இல் இறைவனைப் படர்க்கையில் பேசிவந்த பாடல், இருள்சூழ்ந்த பள்ளத்தாக்கை அடைந்ததும் (23:4) முன்னிலைக்கு மாறுகிறது. அச்சம் மிகும் இடத்தில் இறைவனைப் பற்றிய பேச்சு இறைவனோடு பேசும் பேச்சாகிறது.

42, 43ஆம் சங்கீதங்களில் மும்முறை வரும் பல்லவி (42:5, 42:11, 43:5) தமிழாய்வாளர் கவனத்திற்கு உரியது. அங்கே பாடுபவர் தம் ஆத்துமாவை விளித்து அதன் கலக்கத்திற்குக் காரணம் வினவுகிறார். அகப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சோடு கிளத்தலும், பக்திப் பனுவல்களில் அடியவர் நெஞ்சை விளித்து ஆற்றுப்படுத்தலும் தமிழில் நிலைபெற்ற கூற்றுமுறைகள். அம்மரபில் பழகிய செவிக்கு இப்பல்லவி எளிதில் வந்தமைகிறது. பவர் திருப்புதல் கலங்குதலோடு 'தியங்குதல்' என்னும் சொல்லையும் சேர்க்கிறது. அறிவு தடுமாறிச் சோரும் நிலை அது.

பல்லவி மும்முறை வருவதே பொருளுடையது. முதன்முறை கூறியதும் கலக்கம் தீர்ந்திருப்பின் இரண்டாம் முறைக்குத் தேவை இல்லை. இடையில் அலைகளும் வெள்ளமும் பகைவரின் ஏளனமும் மீண்டும் வருகின்றன. நெஞ்சுக்குக் கூறும் ஆறுதலும் மீண்டும் வருகிறது. மூன்றாம் முறையிலும் வினா மாறவில்லை. பாடல் நம்பிக்கையில் முடிகிறதேயன்றி, கலக்கம் ஒழிந்த செய்தியோடு முடியவில்லை.

8. பயணக் கதையில் அச்சம்

இக்கருத்து தமிழ்க் காப்பிய உலகிலும் வேரூன்றியது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஜான் பன்யனின் 1678ஆம் ஆண்டுப் பயணக் கதையைத் தழுவி, கம்பரின் நடைமரபை உள்வாங்கி எழுந்தது. மூலக்கதையை எழுதிய பன்யன் சமயக் கட்டுப்பாட்டுக்கு உடன்படாமையால் ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர்; தம் உள்ளத்தை நெடுங்காலம் வாட்டிய அச்சங்களை 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பதிந்தவர்.

பன்யனின் கதை அச்சத்திலேயே தொடங்குகிறது. வரவிருக்கும் அழிவுக்கு அஞ்சியே பயணி முதுகுச் சுமையோடு ஊரைவிட்டு ஓடுகிறான். சுமை சிலுவையின் அருகே வீழ்ந்தபின்னும் அச்சங்கள் தொடர்கின்றன. மாளிகை வாயிலில் நிற்கும் சிங்கங்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டவை. அச்சங்கிலி அஞ்சுவோன் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்பட்டபோது, விடுதலைக்குரிய வாக்குறுதி என்னும் திறவுகோல் பயணியின் மடியிலேயே இருந்தது. சில நாள் அடிபட்டு வேண்டுதலில் இரவைக் கழித்த பின்னரே அது நினைவுக்கு வருகிறது. இறுதி ஆற்றைக் கடக்கையில் முதிர்ந்த பயணியே மூழ்கும் அச்சம் கொள்கிறான். உடன்வந்த தோழன் அவன் தலையைத் தாங்குகிறான்.

அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நால்வகை நிலைக்களனுக்கும் ஈடான காட்சிகள் இக்கதையில் உள்ளன. இறுதி வரை அச்சம் ஒழியாத ஒருவன் இறுதி வரை நடந்து சேர்கிறான் என்பதே இக்கதையின் சான்று. ஆற்றங்கரையில் தோழன் தலையைத் தாங்கும் காட்சி, உறுப்புகள் ஒன்றுக்கொன்று கவலை கொள்ளும் பவுலின் உவமையைக் கதையாக்கியது போல் உள்ளது.

9. வாழ்வியற் பொருத்தம்

மேற்கண்ட சொல்லாராய்ச்சி நடைமுறைக்கும் ஒளி தருகிறது. அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில் எலியா உயிருக்குத் தப்பி ஓடிப் பாலைநிலத்தில் சாவை வேண்டுகிறார். அவருக்கு முதலில் கண்டனமோ அறிவுரையோ வரவில்லை. உறக்கமும், தணலில் சுட்ட அப்பமும், ஒரு குவளைத் தண்ணீரும், மீண்டும் உறக்கமும் உணவுமே வருகின்றன. பயணம் மிகத் தொலைவானது என்னும் பரிவுரை அதன்பின் வருகிறது. இறைவனின் வினா நாற்பது நாள் கழித்தே எழுகிறது. உடலைப் பேணுதல் நம்பிக்கைக்கு மாற்றானது அன்று. அதன் முதற்படியாகவே அங்கு அமைகிறது. தீராத மனநடுக்கம் உற்றவர் மருத்துவ உதவி நாடுதலை நம்பிக்கைக் குறைவு எனப் பழிப்பதற்கு இந்நூற்பகுதி இடந்தருவதில்லை.

'அற்பவிசுவாசிகளே' என்னும் பவர் திருப்புதலின் கடிந்துரை (மத்தேயு 8:26) இதற்கு மாறாகத் தோன்றலாம். அது சீடரை நோக்கிக் கூறப்பட்டது. கூறியவரோ அவர்களோடு அதே படகில் இருந்தவர். சிறிய நம்பிக்கை என்பது நம்பிக்கையின்மை அன்று. அவர்கள் அஞ்சி எழுப்பியதும் அவரையே. அவர்கள் நம்பிக்கை வளர்ந்தபின் புயல் அடங்கியதாக நூல் கூறவில்லை. அஞ்சிய நிலையிலேயே அவர்களுக்கு உதவி வந்தது.

10. முடிவுரை

தமிழ் விவிலியச் சொல்லாட்சியை ஆராய்வதால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. அச்சத்தைப் பொறுத்தவரை, விவிலிய நம்பிக்கை அதன் நிலைக்களனை மாற்றி, தலைமை பற்றிய அச்சத்தை மகன்மை உறவாக உருமாற்றுகிறது. கவலையைப் பொறுத்தவரை, பிளவுண்ட மனத்திற்கு ஒருமுகப்பாட்டைக் காட்டி, சுமையை இறைவனின் விசாரிப்பிலும் உடன்வாழ்வோரின் விசாரிப்பிலும் இறக்கிவைக்க இடமளிக்கிறது. 'அஞ்சாதே' என்னும் கூற்றைப் பொறுத்தவரை, அது அஞ்சேல் என்னும் தமிழ் மரபின் தேற்றமொழியோடு ஒத்து, உடனிருப்பின் அறிவிப்பாக அமைகிறது.

சீகன்பால்கு, பெப்ரீசியுஸ், இரேனியுஸ் ஆகியோரின் மொழிபெயர்ப்புகளிலும், ஆறுமுக நாவலரின் துணையோடு பெர்சிவல் உருவாக்கி 1850இல் வெளிவந்த யாழ்ப்பாணத் திருப்புதலிலும் இச்சொற்களின் ஆட்சியை ஒப்பிட்டு ஆராய்தல் அடுத்த கட்டப் பணியாகும். அதுகாறும் மறையுரையாளரும் உரையாசிரியரும் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'பயப்படாதே' என்னும் ஏவலை அதனைத் தொடரும் உடனிருப்பின் உறுதியிலிருந்து பிரித்துக் கூறினால், மொழிபெயர்ப்பாளர் தேற்றமாகத் தந்த சொல் அஞ்சுவோனுக்குத் தண்டனையாகச் சென்றுசேரும்.